வெள்ளிப் பூச்சு

வந்துவிட்டார்கள், ஏணியும் டின்னுமாக. விளிம்புக் கல்லுக்குக் கறுப்பும் மஞ்சளும் அடிக்க வந்திருப்பார்கள். யாராவது மந்திரி இந்த வழியாகப் போவார், போகிறவர் கண்ணுக்கு விளிம்புக் கல் பளிச்சென்று தெரிந்தால் ஊரே சுபிட்சமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காரிலேயே தூங்கிவிடுவார். அடிக்கட்டும், எனக்கென்ன. நான் பேக்கரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், டீ ஆறிக்கொண்டிருக்கிறது, நஞ்சப்பண்ணனின் போனுக்குக் காத்திருக்கிறேன். அவருடைய அச்சகம் பின்பக்கத் தெருவில்தான். அங்கே உட்கார்ந்தால் மெஷின் சத்தம், அதைவிட மோசம் அண்ணனின் பேச்சு, அவர் மருமகனின் கனடா, அங்கே பனி எப்படிப் பெய்கிறது, பனியை எப்படி வழிக்கிறார்கள் என்கிற விவரம். அதனால் இங்கே. அதனால்தான் இங்கே, வேறு காரணம் ஒன்றும் கிடையாது. பேக்கரிக்காரர் தேங்காய் பன் வேண்டுமா என்றார், வேண்டாம் என்றேன், வேண்டாம் என்று சொன்னவளை இந்த ஊரில் ஒருவரும் நம்புவதில்லை, ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள்ளே செர்ரி என்று பெயர் சொல்லிக்கொண்டு சிவப்புச் சிவப்பாகத் துண்டுகள். எல்லாம் சாயத்தில் ஊறிய பப்பாளிக்காய். ரவுண்டானாவின் நடுவில் அது நிற்கிறது, அந்த இரும்புச் சிற்பம். பார்க்க வேண்டாமென்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், திருப்பினால் எதிரே நகைக்கடை விளம்பரப் பலகை, கழுத்து நிறைய நகையோடு ஒரு நடிகை என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், இதற்கு அதுவே தேவலை என்று மறுபடியும் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

கிளாஸா மேட்டா. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். புத்தக அட்டைக்கு மூன்று மாதிரி போட்டு வைத்திருக்கிறார் நஞ்சப்பண்ணன். ஒன்றில் படத்தின் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் படலம், ஒன்றில் மங்கலான படலம், மூன்றாவதில் மங்கலான படலத்தின் மேல் சிற்பத்துக்கு மட்டும் எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு, கூடவே தலைப்புக்குத் தங்கத்தாள். மூன்றும் கேவலம். மூன்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, எப்படி அம்மிணி என்று கேட்டபோது அவர் முகத்தில் பெண்ணுக்கு நகை போட்டுக் கூட்டிவந்து நிறுத்திய பெருமை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இன்று மத்தியானம் அட்டை மெஷினில் ஏறியாக வேண்டும். இந்த ஊரில் எதற்கும் மேலே ஒரு பூச்சு இருந்தாக வேண்டும், சும்மா இருக்கிற ஒன்றைப் பார்த்தால் இவர்களுக்குக் கை அரிக்கிறது. சோபா வாங்கினால் சுற்றிவந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்க மாட்டார்கள், வேர்த்து ஒட்டும், ஒட்டட்டும் என்று உட்காருவார்கள். டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. கார் சீட்டுக்கு உறை, உறைக்கு மேலே துண்டு. கோயில் தூணில் யாரோ உயிரைக் கொடுத்துச் செதுக்கி வைத்தால் அதன்மேல் ஆயில் பெயிண்ட். நஞ்சப்பண்ணன் தன் அப்பா படத்தை லேமினேட் செய்து, அதைக் கண்ணாடிக்குள் போட்டு, கண்ணாடியைப் பாலிதீனால் சுற்றி மாட்டியிருக்கிறார், பெரியவர் மூச்சுமுட்டி இன்னொரு முறை செத்திருப்பார். இவர்களைச் சொல்லி என்ன, இவர்களுக்குப் பூசிக் கொடுத்தவள் நான். கல்யாணப் பத்திரிகைக்குத் தங்கத்தாள், மிட்டாய்ப் பெட்டிக்கு வார்னிஷ், நகைப் பெட்டிக்கு வெல்வெட், கல்லூரி நாள் மலருக்கு மினுக்கு. தலை நரைக்கிற வரைக்கும் இதே வேலை. தலைக்கும் பூசிக்கொள்கிறேன், அது வேறு விஷயம்.

புத்தகம் அவனுடையது. அவனைப் பற்றியது. மருதாசலம் என்று வீட்டில் வைத்த பெயர், தில்லிக்குப் போய் மருத் ஆனான். சலம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் என் புருஷன். உதவித்தொகை கிடைத்தது, போனான், முதலில் வாரம் ஒரு போன், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை, அப்புறம் வக்கீல் பேசினார். சண்டை என்று ஒன்றுகூட முறையாகப் போட்டுக்கொள்ளவில்லை நாங்கள், அந்த மரியாதையைக்கூட அவன் எனக்குக் கொடுக்கவில்லை. இப்போது அவன் சிற்பங்களைத் தொகுத்துக் கெட்டி அட்டை போட்டு ஒரு அறக்கட்டளை புத்தகம் கொண்டுவருகிறது, அட்டையில் போட ஊரெல்லாம் அவன் நட்டுவைத்த இரும்புகள் இருக்க, இதோ இந்த ரவுண்டானாவில் நிற்கிறதே, அவன் முதலில் செய்த இதைத்தான் போட வேண்டுமாம். அச்சு நஞ்சப்பண்ணனிடம். அட்டை வேலையை சாரதாமணியே பார்க்கட்டும், ஃபினிஷிங்கில் அவள் கெட்டிக்காரி என்று சொல்லி அனுப்பியிருக்கிறான் பெரிய மனுஷன். ஃபினிஷிங். எல்லாம் முடிந்தபிறகு வந்து துடைத்துவிட்டுப் போகிறவள். உள்ளே ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதியிருக்கிறார், படித்தேன், படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வடிவம் கோபுரத்தின் பலகணிகளிலிருந்து வந்ததாம், சிற்பியின் தாயார் விடியலில் இட்ட கோலங்களின் நினைவிலிருந்து எழுந்ததாம். என் மாமியார் மில்லுக்கு முதல் ஷிப்ட் போனவர். கோலம் போட அவருக்கு ஏது நேரம், வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அந்த ஸ்டிக்கரும் ஒரு ஓரம் கிளம்பிக் காலில் ஒட்டும். அதன் நினைவிலிருந்து என்ன எழும்.

என்ன அது. ஏணி விளிம்புக் கல்லுக்கு எதற்கு. புல்லைத் தாண்டி உள்ளே போகிறார்கள், ஏணியை அதன்மேல் சாய்த்துவிட்டார்கள், ஒருவன் கீழே குந்தி உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறான். கர் கர் என்று இங்கே வரைக்கும் கேட்கிறது, பல்லில் கேட்கிறது. பேக்கரிக்காரரைக் கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ரவுண்டானாவைப் பராமரிக்கிற பம்புக் கம்பெனிக்கு வருஷ விழா வருகிறதாம், முதலாளி காரில் போகும்போது பார்த்தாராம், நம்ம பேர் போட்ட இடத்தில் இப்படித் துருப்பிடித்த இரும்பு நிற்கலாமா என்று சத்தம் போட்டாராம், சுத்தமாகத் தேய்த்து வெள்ளிப் பெயிண்ட் அடிக்கிறார்களாம். வெள்ளிப் பெயிண்ட். வீட்டு கேட்டுக்கு அடிப்பார்களே, மாடிப்படிக் கைப்பிடிக்கு அடிப்பார்களே, அது. சிரிப்பு வந்தது. டீயை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறிவிட்டது. அது துருப்பிடிக்கவென்றே செய்த எஃகு. வெயிலும் மழையும் பட்டு மேலே ஒரு துருப்படலம் கட்டிக்கொள்ளும், அதற்குமேல் உள்ளே அரிக்காது, துருவே அதற்குத் தோல். அதைத் தேடி எந்த ஊருக்கெல்லாமோ போய் வாங்கிவந்தான். முதல் மழையில் பழுப்புத் தண்ணீர் பீடத்தில் வழிந்ததைப் பார்த்து விடிய விடியப் பேசினான், இரும்பு மூச்சு விடுகிறது சாரதா என்றான். மூச்சு விட்ட இரும்புக்கு இப்போது வெள்ளி முலாம். நல்லா வேணும். தில்லிக்காரா, உன் மூச்சை அடைக்கப் பம்புக் கம்பெனி வந்துவிட்டது. பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன், ருசியாகத்தான் இருந்தது.

கோலமும் கிடையாது கோபுரமும் கிடையாது, அந்த வடிவம் வந்தது மிட்டாய்ப் பெட்டியிலிருந்து. சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், நான் சொன்னதும் இல்லை. அரைக்கிலோ மைசூர்பாகுப் பெட்டி. பெரிய அட்டையில் பெட்டி பெட்டியாக டையை, அதாவது வெட்டு அச்சை, வைத்து அழுத்தி வெட்டிவிட்டுப் பெட்டிகளை உதிர்த்துவிட்டால், மிஞ்சுகிற அட்டை ஒன்று இருக்கும், சல்லடையாக, நீள நீள ஓட்டைகளும் நாக்கு நாக்காக நீட்டிக்கொண்டிருக்கிற துண்டுகளுமாக. அள்ளிக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது வழக்கம். அப்போது நஞ்சப்பண்ணனிடம் டை வரைகிற வேலை எனக்கு, தீபாவளி நேரம், அச்சகம் முழுக்க மிச்ச அட்டை. அதில் ஒன்று ஜன்னலோரம் நின்றது. நடுவில் மடிந்து, இரண்டு பக்கமும் ஊன்றி, யாரும் பிடிக்காமல் தானாக நின்றது, ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் விழுந்தது. என்னைக் கூட்டிப்போக வந்த மருதாசலம் வாசலிலேயே நின்றுவிட்டான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான்தான் அதை அப்படி நிறுத்தி வைத்தேன். நிறுத்தி வைத்தேனா? கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது, இரண்டு விரலால் மடிப்பை நீவியது ஞாபகம் இருக்கிறது, நின்றதும் பின்னால் தள்ளிப் போய்ப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதே ஜன்னலோரத்தில் அது தானாகச் சரிந்து மடிந்து நிற்பதும் ஞாபகம் இருக்கிறது, நான் பசைக் கையோடு அந்தப் பக்கமாகப் போகிறேன், கவனிக்கக்கூட இல்லை. எது முதலில். எது நடந்தது, எது நான் பின்னால் நீவி நீவி மடித்துக்கொண்டது. இதில் வந்து நின்றுவிடுகிறேன் ஒவ்வொரு முறையும். அவன், இதை எடுத்துக்கட்டுமா என்று கேட்டான். அதை என்னைத்தானே கேட்டான்? என்னுடையது என்று நினைத்ததால்தானே கேட்டான்? நான் சொன்ன பதில் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. குப்பை, எடுத்துக்கோ என்றேன். இல்லை, அதற்குமுன் பார், எப்படி நிற்குது என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

கர் கர். இரும்பின் ஒரு காலைத் தேய்த்து முடித்துவிட்டான், அந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாக, மொட்டையடித்த தலை மாதிரி அசிங்கமாகத் தெரிகிறது. சாலையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள், இந்த ஊரில் சிலை என்றால் விரலை நீட்டிக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும், பிறந்தநாளுக்கு மாலை, நினைவுநாளுக்கு மாலை, வருஷத்துக்கு ஒரு முறை தங்கப் பெயிண்ட். அடித்து அடித்து மூக்கும் கண்ணும் மேவிப்போய்க் கடைசியில் எல்லாத் தலைவருக்கும் ஒரே முகம். தேர்தல் வந்தால் துணி போட்டுச் சுற்றிக் கயிறு கட்டிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அப்படிக் கட்டிவைத்த சிலைதான் எனக்குப் பிடிக்கும், ஈரத் துணி ஒட்டிக்கொண்டு தோளும் மூக்கும் மட்டும் புடைத்துத் தெரியும்போது, அட, உள்ளே ஒரு ஆள் இருக்கிறாரே என்று தோன்றும். நகைக்கடைக்காரரின் பெட்டி மூடியில் மை இல்லாமல் வெறும் புடைப்பாகவே ஒரு கொடியை வைத்துக் கொடுத்தேனே, எல்லாரும் தூக்கிவைத்துப் பேசினார்களே, அது அந்தத் துணிக்குள்ளிருந்து எடுத்தது. பட்டுக்கடைப் பைக்குப் போட்ட கட்டங்கள்? ரவுண்டானாவில் நிற்கிறதே, அது. சாயங்காலத்தில் அந்த நீள ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கித் தார் ரோட்டில் விழும், பஸ் வந்தால் பஸ் மேல் ஏறி இறங்கும், நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து டிஷ்யூ பேப்பரில் கிறுக்கிக்கொண்டு போவேன். சரி, வந்திருக்கிறேன். இதற்குமுன்னும் வந்திருக்கிறேன். மெஷின் சத்தத்துக்காக வரவில்லை. அவன் என் குப்பையிலிருந்து எடுத்தான், நான் அவன் இரும்பிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டிருந்தேன், யாருக்குத் தெரியும். எடுக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் எடுத்தேன். எல்லாம் வெள்ளியானால் வெயில் அப்போதும் விழத்தான் செய்யும். விழும். கூசும்.

இப்போது வேறொரு டின்னைத் திறக்கிறார்கள். ரெட் ஆக்சைடு. இந்த வேடிக்கையை யாரிடம் போய்ச் சொல்வது, துருவை ஒட்டத் தேய்த்து எடுத்துவிட்டு அதே இடத்தில் துரு நிறத்திலேயே ஒரு பெயிண்டை அடிக்கிறார்கள், துரு வராமல் இருக்க. அடித்த இடத்தையும் அடிக்காத இடத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மேலே இருக்கிற துருவில் எத்தனை பழுப்பு, மழை வழிந்த தடம் கறுப்பாக, காக்கை உட்கார்ந்த இடம் வெளுப்பாக, பீடத்தோரம் பூ விற்கிற அம்மா மாலைகளை மாட்டுகிற இரும்பு நாக்கு மட்டும் கை பட்டுப் பட்டு மெழுகின தரைபோல வழவழப்பாக. அடித்த இடத்தில் ஒன்றுமில்லை. ஒரே சிவப்பு, செத்த சிவப்பு. நஞ்சப்பண்ணனின் மூன்று மாதிரியும் எனக்கு ஏன் குமட்டியது என்று இப்போதுதான் தெரிகிறது. அவை படத்தில் துருவை அச்சடித்து அதன்மேல் கை படாமல் மூடியிருக்கின்றன. மூடாவிட்டால்? படமே இல்லாமல், பூசாத வெறும் முரட்டு அட்டையில், அந்த உருவத்தைப் புடைக்க மட்டும் வைத்து விட்டுவிட்டால்? எடுக்கிறவன் கை வேர்வையும், மேஜைத் தூசியும், வெயிலும் பட்டு அது தானாக நிறம் பிடிக்கும். ஒவ்வொருவன் வீட்டில் ஒவ்வொரு மாதிரி பழுக்கும். புத்தகத்தைத் தொடாமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற பெரிய மனிதன் வீட்டில் மட்டும் அது வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும். நல்ல யோசனை வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, யாரோ பின்னாலிருந்து தட்டிப் பறித்துவிடுவார்கள் என்று. அந்த நேரம் பார்த்து நஞ்சப்பண்ணன் போன். மெஷின் தயார், படலம் சுருள் மாட்டியாயிற்று, கிளாஸா மேட்டா, ஒரு வார்த்தை சொல்லிப்போடு அம்மிணி என்றார். ரெண்டும் வேண்டாங்கண்ணா என்றேன். தங்கத்தாள் வேண்டாம், படம் வேண்டாம், வெறும் அட்டையில் அந்த உருவம் புடைக்க டையை மட்டும் அழுத்தி எடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

“மேல ஒண்ணுமே போடாமயா? கை பட்டா அழுக்காயிருமே அம்மிணி.”

“ஆகட்டுங்ண்ணா.”

வாங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்றார், தன் அச்சகத்தின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் போட வேண்டாம் என்றார், பிறகு, அவன் என்ன சொல்வான் என்றார். அவனுக்கு என்ன. அட்டையை ஒரு முறை தடவிப் பார்ப்பான். பிறகு அதற்கும் ஒரு பேராசிரியர் கோபுரத்திலிருந்து காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார், மூச்சு விடும் அட்டை என்று எழுதுவார், அடுத்த பதிப்பில் அது மருத் சாரின் யோசனை ஆகிவிடும். ஆகட்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன், அவன் நம்பர் இதில்தான் இருக்கிறது. உன் இரும்பைச் சுரண்டுகிறார்கள், நிறுத்து என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன செய்வான்? நிறுத்த மாட்டான். அவனுக்கு இதைவிட அதிர்ஷ்டம் உண்டா. வெள்ளியடித்த படத்தைப் போட்டு நாலு வரி எழுதுவான், நாட்டில் உள்ள கலைஞர்கள் எல்லாம் கண்டனம் தெரிவிப்பார்கள், டிவியில் தாடியைத் தடவிக்கொண்டு உட்காருவான், ஒரு சமூகம் தன் கலையை எப்படி நடத்துகிறது என்று ஆரம்பிப்பான். பம்புக் கம்பெனி அவனை ஒரேயடியாகத் தியாகியாக்கிவிடும். அப்போது நான்? நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைப் பார்ப்பேன்? இத்தனை வருஷமும் நான் திட்டித் திட்டி வளர்த்தது அது. காலையில் எழுந்தால் ஒரு முறை திட்டு, இந்தப் பக்கம் வந்தால் ஒரு முறை திட்டு. அது வெள்ளியாகிவிட்டால் எனக்குத் திட்ட ஆளில்லை. திட்ட ஒன்றுமில்லாதபோது உள்ளே என்ன இருக்கும் என்று யாராவது கேட்டால், மிட்டாய்ப் பெட்டிகள் இருக்கும், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது. அதைவிடப் பயமான ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன், அது நன்றாக இருக்கிறது. அந்தப் பாழாய்ப்போன இரும்பு நன்றாக இருக்கிறது. அது நட்ட நாளிலிருந்து நன்றாகத்தான் இருந்தது, ஒவ்வொரு மழைக்கும் இன்னும் நன்றாக ஆகிக்கொண்டு வருகிறது, நான்தான் வாயைத் திறக்கவில்லை.

ஏணியில் நின்றவனுக்குக் கீழே இருந்தவன் வெள்ளி டின்னைக் குச்சியால் கலக்கிக் கொடுக்கிறான். சிவப்பு காய்வதற்குள்ளேயே அடிக்கப் போகிறார்கள், மடையர்கள், பூச்சு வேலையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிகிறதா. காயாத பூச்சின் மேல் பூசினால் உரிந்துகொண்டு வரும். உரிந்தால் இன்னொன்று அடிப்பார்கள். எழுந்தேன். டீக்குக் கொடுத்தேனா இல்லையா தெரியவில்லை, பேக்கரிக்காரர் ஒன்றும் கூப்பிடவில்லை. ரோட்டைத் தாண்டுவது இந்த ரவுண்டானாவில் லேசில்லை, நாலு பக்கமும் வண்டி, ஒருத்தன்கூட நிறுத்த மாட்டான், ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்றார். புல்லில் ஏறினபோது செருப்பு சேற்றில் பதிந்தது. இத்தனை பக்கத்தில் நான் வந்ததே இல்லை, நட்ட அன்றைக்குக்கூட வரவில்லை, தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தேன். நடுமடிப்பு என் தலைக்கு மேலே இருந்தது. அந்தச் சரிவைத் தெரியும் எனக்கு, விரலில் தெரியும். வெள்ளைச் சட்டையில் ஒருவர், கம்பெனி சூப்பர்வைசர், பீடத்தின்மேல் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றார். அடிக்காதீர்கள் என்றேன். என் குரல் வேறு யாருடையது போலவோ கீச்சென்று வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், பைத்தியங்கள் ரவுண்டானாவுக்கு வருவது அவருக்குப் புதிதில்லை போல, பொறுமையாகத்தான் பேசினார். முதலாளி சொல்லியிருக்கிறார், துருப்பிடித்துக் கிடக்கிறது, காந்தி ஜெயந்தியன்று வருஷ விழா, அதற்குள் முடிக்க வேண்டும், நீங்கள் கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள் என்றார். அது துருவுக்காகவே செய்தது என்றேன். அந்தத் துரு அதற்குத் தோல், எடுத்தால் கெட்டுப்போகும், பேராசிரியர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், புத்தகம் வருகிறது என்றெல்லாம் சொன்னேன், கோபுரத்தையும் கோலத்தையும்கூடச் சொன்னேன், என் வாயால் சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஏணியில் இருந்தவன் பிரஷ்ஷை டின்னில் முக்கி எடுத்தான், சொட்டு ஒன்று கீழே பழுப்பின் மேல் விழுந்து வெள்ளியாக ஓடியது.

“நீங்க யாருங்க அதச் சொல்றதுக்கு?”

“நாஞ்செஞ்சதுங்க இது.”

சொல்லிவிட்டேன். பெரிய இடி ஒன்றும் இடிக்கவில்லை, ஒரு டவுன் பஸ் வட்டமடித்துப் போயிற்று. மருதாசலத்தின் பெயர் பித்தளைப் பலகையில் இருக்கிறது, ஆனால் கம்பெனி பெயருக்குக் கீழே எறும்பு மாதிரி இருக்கிறது, அதை அவர் எங்கே படித்திருக்கப் போகிறார். ஏணிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார், அவன் பிரஷ்ஷை டின்னின் விளிம்பில் வழித்துவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். மேலே கேட்டுவிட்டு அடிக்கலாம் என்று போனை எடுத்தவர், எண்ணை அழுத்தாமல் என் பக்கம் திரும்பினார். இந்த ஊரையே நான் பார்த்துவந்த பார்வை ஒன்று உண்டே, இன்று காலையில்கூட நஞ்சப்பண்ணனின் மூன்று அட்டைகளைப் பார்த்தேனே, அதே பார்வை. அவ்வளவு சுத்தமான இளக்காரத்தை யாரும் என்மேல் வைத்ததில்லை.

“ஏனுங்க, நீங்களே செஞ்சு வெச்சுப்போட்டு, இத்தன வருசமா ஒரு எட்டு வந்து எட்டிக்கூடப் பாக்காம, துருவேறட்டும்னு சும்மாவா உக்காந்திருந்தீங்க?”

“உக்காந்திருந்துட்டனுங்க,” என்றேன்.